பத்தா, பன்னிரண்டா? அந்தமான் பட்டியலும் ஆங்கிலக் காற்புள்ளியும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடிகள் யார் யார் என்பதைக் குடியரசுத் தலைவரின் 1959-ஆம் ஆண்டு ஆணை ஒன்று வரையறுக்கிறது. அதில் ஆறு வரிசை எண்கள் உண்டு. இரண்டு முதல் ஆறு வரை எண்ணுக்கு ஒரு பெயர்: ஜராவா, நிக்கோபாரி, ஓங்கே, சென்டினலீஸ், ஷோம்பென். முதல் எண்ணில் மட்டும் பதின்மூன்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன: அந்தமானீஸ், சாரியார், சாரி, கோரா, தபோ, போ, யேரே, கேடே, பேயா, பலாவா, போஜிகியாப், ஜுவாய், கோல். இவற்றைப் பிரிக்கப் பன்னிரண்டு காற்புள்ளிகள் இடப்பட்டுள்ளன. வேறு குறி எதுவும் இல்லை. ‘மற்றும்’ இல்லை, ‘அல்லது’வும் இல்லை.

இந்த ஒற்றை வரியில் எத்தனை குடிகள் இருக்கின்றன? காற்புள்ளி பிரிக்கும் குறி என்று பள்ளியில் படித்தவர் பதின்மூன்று என்பார். அந்தமானீஸ் என்பது பொதுப்பெயர் என்று அறிந்தவர் பன்னிரண்டு என்பார். தீவுகளின் வரலாற்றைப் படித்தவர் பத்து என்பார். பத்துதான் சரி. ஆனால் அந்த விடையை ஆணையின் ஆங்கிலத்திலிருந்து பெற முடியாது. நிறுத்தற்குறிகளைப் பிழையின்றி இடுவது அழகுக்கான சடங்கு என்று எண்ணுவோர் இந்த வரியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1901-இன் கணக்கு

1901-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாருக்கான அறிக்கையை எழுதியவர் அப்போது தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள். இன்று ‘பெரிய அந்தமானியர்’ என்று அழைக்கப்படும் மக்களை அவர் பத்துக் குடிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைக்கணக்கு கொடுத்தார். சாரியார் 39, கோரா 96, தபோ 48, யேரே 218, கேடே 59, ஜுவாய் 48, கோல் 11, போஜிகியாப் 50, பலாவா 19, பேயா 37. ஆக மொத்தம் 625 பேர்.

இந்தப் பத்தையும் 1959 ஆணையின் வரியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆணையில் கூடுதலாக இருப்பவை, பொதுப்பெயரை விட்டுவிட்டால், இரண்டு பெயர்கள்: சாரி, போ. சாரி என்பது சாரியாரின் இன்னொரு வடிவம். போ என்பது தபோவின் இன்னொரு வடிவம். டெம்பிள் தபோ என்று எழுதிய குடியை மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரௌன் ‘அகா-போ’ என்றும், சாரியாரை ‘அகா-சாரி’ என்றும் எழுதினார். 1959-இல் பட்டியலிட்டவர்கள் இரு மரபுப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்தப் பெயரால் அறியப்பட்டவரும் விடுபட்டுவிடக் கூடாது என்ற நோக்கில் அது பொருத்தமான ஏற்பாடே. ஆனால் ஒரே குடியின் இரு பெயர்களுக்கு நடுவிலும் அதே காற்புள்ளி விழுந்தது. இரு வேறு குடிகளுக்கு நடுவிலும் அதே காற்புள்ளி விழுந்தது.

ஆங்கிலத்தில் காற்புள்ளிக்குப் பல வேலைகள் உண்டு. அவற்றில் இரண்டு இங்கே மோதுகின்றன. ஒன்று அடுக்குவது: அரிசி, பருப்பு, எண்ணெய். மற்றொன்று விளக்குவது: ஒரு பெயரைச் சொல்லி, காற்புள்ளி இட்டு, அதே பொருளின் மறுபெயரைத் தொடர்வது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலக் கடிதம் ஒன்றில் ‘போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம், டிக்லிப்பூர் ஆகிய இடங்களில்’ என்று ஒருவர் எழுதினால், தீவுக்காரருக்கு அது இரண்டு ஊர். வெளியூர்க்காரருக்கு மூன்று. குறி ஒன்றுதான், அது அடுக்குகிறதா விளக்குகிறதா என்பதை வாசிப்பவரின் முன்னறிவே தீர்மானிக்கிறது. முன்னறிவு இல்லாதவருக்காகத்தானே ஆவணம் எழுதப்படுகிறது?

அந்த வரியின் முதல் காற்புள்ளியும் இதே சிக்கலுடையது. ‘அந்தமானீஸ்’ என்பது தொகுதியின் பெயர். பின்வருபவை அதன் உறுப்புகள். தொகுதிக்கும் உறுப்புக்கும் நடுவே ஆங்கில மரபு முக்காற்புள்ளியைக் கேட்கும். மறுபெயருக்குப் பிறைக்குறியோ ‘அல்லது’ என்ற சொல்லோ போதும். உறுப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி. அப்படி எழுதியிருந்தால் வரி இப்படி அமைந்திருக்கும்: ‘அந்தமானீஸ்: சாரியார் (அல்லது சாரி); கோரா; தபோ (அல்லது போ); யேரே; கேடே; பேயா; பலாவா; போஜிகியாப்; ஜுவாய்; கோல்.’ பெயர்கள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. மாறியவை குறிகளும், இரண்டு இடத்தில் ஒரு சிறு சொல்லும் மட்டுமே. இப்போது எண்ணினால் யாருக்கும் பத்துதான் வரும்.

இதனால் உரிமை இழந்தவர் எவரும் உண்டா என்று கேட்டால், இல்லை. பதின்மூன்று பெயர்களும் ஒரே எண்ணின் கீழ் இருப்பதால், எந்தப் பெயரைச் சொன்னவரும் பழங்குடியினரே. இழப்பு வேறு இடத்தில். 1901-இல் 625 பேராக இருந்த அந்த மக்கள் 1961-இல் 19 பேராகக் குறைந்தார்கள். எஞ்சியவர்கள் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் ‘அந்தமானீஸ்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் 44 பேர். போ மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணியாக மொழியியலாளர் அன்விதா அப்பியின் ஆய்வுகள் வழியே உலகம் அறிந்த போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 வயதில் இறந்தார். போ மொழி அவரோடு முடிந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டு ஆணையைத் திறப்பவர், போவுக்கு முன்னால் தபோ என்று இன்னொரு குடி இருப்பதாக எண்ணிக்கொள்வார். அருகிப்போன ஒரு மக்கள்கூட்டத்தைப் பற்றிய அரசின் சட்டபூர்வமான வரியே அவர்கள் எத்தனை கூட்டம் என்று சொல்லத் தவறுகிறது.

‘அல்லது’ காற்புள்ளியான இடம்

தீவில் ஏட்டளவில் நின்றுபோன சிக்கல், மத்திய இந்தியாவில் தெருவுக்கு வந்தது. பழைய பட்டியலில் கோண்டு இனத்துக்கான பதிவு ‘கோண்டு, உள்ளடங்கலாக’ என்று தொடங்கி, கிளைகளை அடுக்கியது. மறுபெயர் வருமிடத்தில் ‘அல்லது’ என்ற சொல் இருந்தது: ‘அரக் அல்லது அர்ரக்’, ‘படி மாரியா அல்லது படா மாரியா’. 1976-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிரப் பட்டியலில் ‘உள்ளடங்கலாக’ போய்விட்டது, ‘அல்லது’வும் போய்விட்டது, இரண்டின் இடத்திலும் காற்புள்ளி வந்தது. மறுபெயரும் கிளையும் தனிக்குடியும் ஒரே வரிசையில் நின்றன.

அந்த வரிசையில் ‘மானா’ என்று ஒரு பெயர். அது கோண்டுகளோடு உறவுடைய மானாவை மட்டும் குறிக்குமா, மானா என்ற பெயருடைய எல்லோரையும் குறிக்குமா? 1980-இல் தாதாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், கோண்டுகளோடு தொடர்புடையவர்களே பட்டியலில் அடங்குவர் என்றது. பொருள் வேறு வழியில் தெளிவாக இருக்கும்போது நிறுத்தற்குறிகள் அதை மாற்ற முடியாது என்றும் சொன்னது. 2006-இல் அதே நீதிமன்றம் இன்னொரு மானா வழக்கில் எதிர்த்திசையில் சென்றது: வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் தனிக்குடி, கோண்டின் கிளையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே வரி, ஒரே காற்புள்ளிகள், இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பொருள்.

அதே வரிசையில் ‘கோண்டு கோவாரி’ என்றும் ஒரு பெயர் உண்டு. இங்கே சிக்கல் தலைகீழ்: இரு சொல்லுக்கும் நடுவே காற்புள்ளி இல்லை. மாடு மேய்க்கும் கோவாரி சமூகத்தினர் தாங்களே அந்தப் பதிவில் சொல்லப்பட்டவர்கள் என்று பல்லாண்டு வாதிட்டார்கள். 1994 நவம்பர் 23 அன்று நாக்பூரில் சட்டமன்றத்தை நோக்கி அவர்கள் நடத்திய பேரணியில் நெரிசல் ஏற்பட்டு 114 பேர் இறந்தார்கள். 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அவர்கள் கோரிக்கையை ஏற்றது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: பதிவில் இருப்பது ‘கோண்டு கோவாரி’, அதைப் பிரித்தோ நீட்டியோ படிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. கோவாரிகளின் துயரத்துக்கு வறுமை முதல் அரசியல் வரை பல வேர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கண்முன் இருந்த சட்டவாசகத்தில் இரு சொற்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடம் எவ்வளவு கனமானது என்பதை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் அந்தக் கனம் அடைப்புக்குறியில் இருக்கிறது. நமது பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் சொல்லப்பட்டுள்ளன. கோவை மாவட்டத்தின் பெயர் அதற்குள் இல்லை. கோவையிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதனால் பழங்குடிச் சான்றிதழ் பெற முடியாமல் தொடர்ந்து கோரிக்கை வைத்து வருகிறார்கள். ஆங்கில இலக்கணத்தில் அடைப்புக்குறி என்பது விட்டுவிட்டாலும் வாக்கியம் குறைவுபடாத உபரிச் செய்திக்கான இடம் என்று சொல்லித் தருவார்கள். சட்ட ஆங்கிலத்தில் அதுதான் வேலி.

சின்ன விஷயமா?

நிறுத்தற்குறியை நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்தன என்பதற்கு அந்தமானோடு ஒட்டிய ஒரு மரபு உண்டு. 1953-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி தீவுகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் வந்தன. இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் இரண்டு பழைய முடிவுகளும் வங்காளத்திலிருந்து மேலே சென்ற வழக்குகளில் பிறந்தவை. 1887-இல் வர்த்தமான் மகாராணியின் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், சட்டத்துக்குப் பொருள் காண நிறுத்தற்குறியை நம்புவது பிழை என்றது. 1952-இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி. கே. முகர்ஜி சற்றே இறங்கி வந்தார்: நிறுத்தற்குறி சிறு கூறுதான், கவனமாகக் குறியிடப்பட்ட சட்டத்தில் ஐயம் எழும்போது அதற்கு மதிப்புத் தரலாம், ஆனால் வாசகத்தின் வெளிப்படைப் பொருளை அது ஆளக் கூடாது.

ஆளக் கூடாது என்று சொன்ன பிறகும் சில வழக்குகளில் அதுதான் ஆண்டது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, விற்பனைக்காகத் தயாரிப்பது, விற்பது, இருப்பு வைப்பது அல்லது விற்பனைக்குக் காட்சிப்படுத்துவது என்று குற்றங்களை அடுக்கியிருந்தது. ஆங்கில மூலத்தில் ‘விற்பனைக்காகத் தயாரிப்பது’, ‘விற்பது’ ஆகியவற்றுக்குப் பின் காற்புள்ளி இருந்தது. ‘இருப்பு வைப்பது’ என்ற சொல்லுக்குப் பின் இருக்கவில்லை. முகமது ஷப்பீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இன்மையைச் சுட்டிக்காட்டியது. காற்புள்ளி இல்லாததால் ‘விற்பனைக்கு’ என்ற தொடர் இருப்பு வைப்பதையும் தழுவுகிறது. எனவே வெறுமனே இருப்பு வைத்திருந்தது மட்டும் அந்தப் பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்று முடிவாயிற்று. ஒருவரின் சிறைவாசம் அச்சிடப்படாத ஒரு குறியைப் பொறுத்திருந்தது.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இதே வகை இன்மை பணமாக மாறியது. எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று அடுக்கிய சட்டத்தில், கடைசி உறுப்புக்கு முன் காற்புள்ளி இல்லை. ‘ஏற்றுமதிக்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுவது’ என்று அது ஒரே வேலையா, ‘கட்டுவது’, ‘விநியோகிப்பது’ என்று இரண்டா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் கட்டுவதில்லை, விநியோகிப்பவர்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐயத்தின் பலனை அவர்களுக்குத் தந்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. மாநிலச் சட்டமன்றம் பின்னர் அந்த வரியைத் திருத்தியபோது காற்புள்ளிகளை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளை இட்டது. அந்தமான் வரிக்கு மேலே சொன்ன மருந்தும் அதுவே.

தமிழ் கேட்கும் முடிவு

ஓலையில் எழுதிய தமிழுக்குக் காற்புள்ளி கிடையாது. ஐரோப்பிய நிறுத்தற்குறிகள் அச்சோடு வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் பதிப்புகளும் பாடநூல்களும் அவற்றைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தன. அதற்கு முன் அந்த வேலையை இடைச்சொற்கள் செய்தன. ‘போவும் தபோவும்’ என்று எண்ணும்மை கொடுத்தால் இரண்டு குடி. ‘தபோ என்கிற போ’ என்றால் ஒன்று. தமிழில் இந்த வரியை மரபுப்படி எழுத வருபவர், எழுதும்போதே முடிவெடுத்தாக வேண்டும். ஆங்கிலக் காற்புள்ளி அந்த முடிவைத் தள்ளிப்போட இடம் தருகிறது. ஆணையை எழுதியவருக்குப் போவும் தபோவும் ஒன்றென்று தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். வரியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இடைச்சொல் ஏதும் இல்லாமல் பெயர்களை வெறுமனே அடுக்குவதும் தமிழில் உண்டு. இலக்கணம் அதைச் செவ்வெண் என்கிறது. அங்கே ஐயம் வரும் என்பதை நம் இலக்கணிகள் கண்டிருந்தார்கள். பெயர்கள் செவ்வெண்ணாக வந்தால் இறுதியில் தொகை பெற வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. ‘முருகன், வேலன், கந்தன்’ என்று நிறுத்தினால், கோயிலில் இருக்கும் ஒருவரா, தெருவில் நிற்கும் மூன்று பேரா என்று தெரியாது. ‘மூவரும்’ என்று ஒரு சொல் சேர்த்தால் தெளிவு வந்துவிடும். டெம்பிளின் அட்டவணையில் பெயர்தோறும் எண்ணும் அடியில் மொத்தமும் இருந்ததால்தான் இன்று அவருடைய பத்தை நம்மால் சரிபார்க்க முடிகிறது. 1959-இன் வரி தொகை பெறாத செவ்வெண்.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாகத் தாய்மொழியாக உள்ளது தமிழ். அங்கும் இங்கும் தமிழர்கள் அலுவலகங்களில் ஆங்கிலத்தில் பட்டியல்கள் எழுதுகிறார்கள்: பயனாளிகள், நில உரிமையாளர்கள், வாரிசுகள், கொள்முதல் பொருள்கள். அவர்களுக்கு இந்த வரலாறு தரும் பாடம் விதிகளை மனப்பாடம் செய்வதல்ல. தமிழ் மனம் இயல்பாகக் கேட்கும் கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதும்போதும் கேட்டுக்கொள்வது. அடுத்தடுத்த இரு பெயர்கள் இருவரா ஒருவரா? ஒருவரென்றால் ‘அல்லது’ என்றோ ‘என்கிற’ என்ற பொருளில் வழங்கும் ‘அலையாஸ்’ என்றோ எழுதுக. முதற்பெயர் மற்றவற்றுக்குத் தலைப்பா? அப்படியானால் முக்காற்புள்ளி. ஓர் உறுப்புக்குள்ளேயே காற்புள்ளி வருகிறதா? உறுப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி, இல்லையேல் தனித்தனி வரிசை எண். கடைசியில் வரும் அடைமொழி எல்லாவற்றுக்கும் உரியதா, இறுதி உறுப்புக்கு மட்டுமா? ஐயமிருந்தால் அதை ஒவ்வொன்றோடும் திரும்ப எழுதுக, நீளம் குற்றமில்லை. முடிவில் ‘ஆக இத்தனை’ என்று தொகை கொடுக்க எந்த ஆங்கில இலக்கணமும் தடை சொல்வதில்லை.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது பழங்குடிப் பட்டியல்களில் நடக்காது. அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின்படி, ஒருமுறை அறிவிக்கப்பட்ட பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. எழுதியிருப்பதை எழுதியபடியே படிக்க வேண்டும், மறுபெயர் என்று சொல்லி எதையும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2000-ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் தீர்த்துச் சொன்னது. சத்தீஸ்கரின் பாண்டோ சமூகத்தின் பெயருக்குத் தேவநாகரியில் மூன்று எழுத்து வடிவங்களைச் சேர்க்க இரு அவைகளும் கூடி, 2023-இல் ஒரு சட்டத்தையே நிறைவேற்ற வேண்டியிருந்தது. நிறுத்தற்குறி சிறு கூறு என்று நீதிமன்றம் சொல்வது, அது முடிவான பிறகு வாசிப்பவருக்கான அறிவுரை. எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சாரியாருக்கும் சாரிக்கும் நடுவே உள்ள அந்த ஒரு காற்புள்ளியை இன்று ‘அல்லது’ என்று மாற்ற வேண்டுமானால், புது தில்லியில் ஒரு மசோதா கொண்டுவர வேண்டும். 1959-இல் அதற்கு ஓர் எழுத்தரின் பேனா போதுமாயிருந்தது.